கால்விரல்களைப் பார்த்தவர்

முகம் அவருக்கு நினைவில் தங்காது. கால்தான் தங்கும். போன மாதம் நெற்றியில் ஐந்து தையல் போட்டுக்கொண்டு போன மனிதர் மறுபடி வந்து சிநேகமாகச் சிரித்தால், யார் இவர் என்று விழிப்பார். பிறகு மெல்லக் கீழே பார்ப்பார். "ஓ, நீங்களா! அந்தக் கட்டைவிரல் நகம் இன்னும் விழலையா?" என்பார். நெற்றித் தையலுக்கும் கால் நகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வந்தவர் எங்களைத் திரும்பிப் பார்ப்பார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

எழுபதுகளில் திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தையல் அறையில் நாங்கள் இருவரும் மூன்று வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். இருவரும் நர்ஸ்தான். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். விதுரா தாண்டி மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பில், லயத்தில், பிறந்தவர். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அவருக்கு வேறு இரண்டு பெயர்கள் இருந்தன. முதுகுக்குப் பின்னால் 'பாண்டி சிஸ்டர்'. மலையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் வாசலிலேயே கேட்பது, "நம்ம சிஸ்டர் இருக்காங்களா?" நான் ஆள் பார்த்து இரண்டையும் சொன்னவள்.

பாண்டி என்றால் பாண்டி நாட்டுக்காரர், அவ்வளவுதான் பொருள். ஆனால் சொல்லும்போது உதடு கொஞ்சம் கோணும். அழுக்கு, சத்தம், நாகரிகம் தெரியாத கூட்டம் எல்லாம் அந்த மூன்றெழுத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊரில் எல்லோரும் அப்படிச் சொன்னார்கள் என்று சொன்னால் அது பொய். ஆனால் எங்கள் அறையில் சொன்னவர் ஒருவரே போதுமாக இருந்தார்.

அவர் பாஸ்கரண்ணன். டிரஸ்ஸர். கட்டுப் போடுவதிலும் சின்னத் தையல்களிலும் அவர் கைக்கு ஈடு கிடையாது. டாக்டர்களே அவரிடம் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வாய் ஓயாது. தமாஷ்காரர். என் அக்கா கல்யாணத்துக்குப் பந்தியில் நின்று பரிமாறியவர். கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபமாகிவிடும், சொல்ல வரவில்லை. சிஸ்டர் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தால் போதும், "மாறிக்கோ மாறிக்கோ, பாண்டிலாரி வருந்நு!" என்று கத்துவார். விலகிக்கோ, பாண்டிநாட்டு லாரி வருது என்று. அறையே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

சிஸ்டர் கோபப்பட மாட்டார். டிராலியை அங்கேயே நிறுத்திவிடுவார். கைகளை மடக்கிக்கொண்டு நிற்பார். பாஸ்கரண்ணனுக்குப் பஞ்சு வேண்டும், கத்தரிக்கோல் வேண்டும், எல்லாம் டிராலியில் இருக்கிறது. "லாரி ப்ரேக்டவுன் ஆயோ?" என்று இன்னொரு தமாஷ் வரும். அதற்கும் நகராது. கடைசியில் அவர் இறங்கி வந்து, "சிஸ்டர், இங்ஙோட்டு கொண்டு வா" என்பார். அந்தச் 'சிஸ்டர்' காதில் விழுந்ததும் டிராலி உருளும். மூன்று வருடத்தில் எத்தனை முறை இது நடந்திருக்கும்! ஒருமுறைகூட அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

பேசியது காலைப் பற்றித்தான். தையல் போடுமுன் காயத்தைச் சுற்றி மரக்கிற ஊசி போடுவோம். லோக்கல் என்போம் அதை. போட்டால் உடனே தைத்துவிடக் கூடாது, மரக்கக் கொஞ்சம் நேரம் விடவேண்டும். அந்த நேரத்தில் சிஸ்டர் செய்கிற காரியம், நோயாளியின் காலை மூடியிருக்கிற துணியை எடுத்துவிடுவது. காயம் கையில் இருந்தாலும் சரி, தலையில் இருந்தாலும் சரி. பிறகு காயத்தின் ஓரத்தை இடுக்கியால் லேசாகத் தொட்டுப் பார்ப்பார், கண் மட்டும் கால்விரல்களில் இருக்கும். விரல்கள் உள்ளே மடங்கினால் அவர் ஒரு கையைத் தட்டின்மேல் வைத்துவிடுவார். ஊசி, நூல், இடுக்கி எல்லாம் அந்தத் தட்டில்தான். "கால் உறங்கியில்லா அண்ணா" என்பார் தன் அரைகுறை மலையாளத்தில். விரல்கள் மடங்காமல் சும்மா கிடந்த பிறகுதான் கை எழும்பும், தட்டு நகரும்.

இதற்காக அவரைச் செய்யாத கேலி இல்லை. கையில் அடிபட்டவனுக்குக் கால் உறங்க வேண்டுமாம் என்று கான்டீன் வரைக்கும் கதை போயிற்று. ஒருமுறை ஒரு பெரிய ஆபீசர், ஜீப்பில் வந்து இறங்கியவர், உள்ளங்கையில் கண்ணாடி கீறி. சிஸ்டர் காலிலிருந்து ஷூவைக் கழற்றப் போனதும் அவர் படபடத்துப் போனார். "வேண்டா, வேண்டா!" என்று காலை இழுத்துக்கொண்டார். சிஸ்டர் விடவில்லை. கழற்றினால் சாக்ஸில் இரண்டு பெரிய ஓட்டை. இரண்டு விரல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சிஸ்டர் முகத்தில் ஒரு சிரிப்பில்லை. அந்த இரண்டு விரலும் அடங்குகிற வரைக்கும் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டு நின்றார். போகும்போது ஆபீசர், வலியே தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏன் கால் என்று ஒருநாள் கேட்டேன். துணிகளையும் கருவிகளையும் ஆவியில் சுத்தம் செய்கிற ஆட்டோகிளேவ் அறையில் இருவரும் டிரம்மில் காஸ் துணி அடுக்கிக்கொண்டிருந்தோம். "மலையில யாரும் வலிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க லதா" என்றார். "காலையில பெரட்டுல, வேலைக்குப் பேரு கூப்பிடுற எடத்துல, நிக்கும்போது வலிக்குதுன்னு சொன்னா, அன்னைக்குப் பேரு இல்ல. மூணு நாளு சொன்னா, வேலைக்கு ஆகாதவன்னு ஆயிரும். அதனால வெள்ளைத் துணி போட்ட யாரு கேட்டாலும் 'ஒண்ணுமில்லய்யா'தான். எங்கம்மா என்னயப் பெறும்போதே 'ஒண்ணுமில்லய்யா'ன்னுதான் சொல்லிச்சாம். அப்புறம் நான் எங்கயிருந்து வந்தேன்னு தெரியல." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு, "வாயக் கேக்காதீங்க. அது பழகிப்போச்சு. கால்வெரலுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, அதப் பாருங்க" என்றார்.

லதா என்று அவர் கூப்பிட்டதும் தமிழில் பேசியதும் அந்த அறைக்குள் மட்டும்தான். காரணம் நான். எங்கள் அப்பா, தமிழ் வியாபாரிகள் நிறைந்த சாலை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். வீட்டில் தமிழ், அதுவும் நல்ல திருநெல்வேலித் தமிழ். ஆனால் நான் படித்ததெல்லாம் மலையாளம். பேசினால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வேலைக்கு மனுப் போட்டபோது தாய்மொழி என்ற இடத்தில் மலையாளம் என்று எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. பாண்டிலாரி என்று கூப்பிடப்படுகிற இடத்துக்கு நான் ஏன் போகவேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

சிஸ்டர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, கொதிக்கிற தண்ணீர் என் மணிக்கட்டில் தெறித்துவிட்டது. "சுட்டுட்டா?" என்று ஓடிவந்தார். "ரொம்ப இல்ல, லேசாத்தான்" என்றேன் யோசிக்காமல், தமிழில். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கீழே என் காலைப் பார்த்தாரா என்று அப்போது எனக்குக் கவனிக்கத் தெரியாது. "எண்ண தேய்க்காதீங்க, பச்சத் தண்ணியில வைங்க" என்றார். அதோடு சரி. ஏன் மறைக்கிறாய் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அந்த அறைக் கதவுக்கு எண்ணெய் கண்டு எத்தனை வருடமோ, யார் தள்ளினாலும் கிரீச்சிடும். எங்கள் பேச்சு சுவாரசியமாகப் போய்க்கொண்டிருக்கும். லயத்துப் பக்கம் வருகிற காட்டுப்பன்றி பற்றியோ, அப்பா கடைக்கு வருகிற தரகர் பற்றியோ. கதவு கிரீச்சிட்டதும், நான் மாறுவதற்கு முன்னால் அவர் மாறிவிடுவார். பாதி வாக்கியத்தில் தமிழை விட்டுவிட்டு, "லதா சிஸ்டரே, டிரம் நிறைஞ்ஞு" என்று அவருடைய தப்பும் தவறுமான மலையாளத்துக்குள் இறங்கிவிடுவார். வந்தவர் அந்த மலையாளத்தைக் கேட்டுச் சிரிப்பார். என்னைக் காப்பாற்றத்தான் அந்தக் கேலியை அவர் தலையில் வாங்கிக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று வருடம் வாங்க விட்டேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். சுற்றிச் சுற்றி வந்தாலும் அங்கேதான் வந்து நிற்கவேண்டும்.

விதுரா பஸ்ஸில் ஒரு அம்மாள் வந்திருந்தார், நாற்பது வயதிருக்கும். விறகு வெட்டும்போது அரிவாள் இடது உள்ளங்கையைப் பிளந்துவிட்டது. துண்டால் சுற்றி, அந்தக் கையைக் குழந்தையைப் போல மார்பில் அணைத்துக்கொண்டு வந்தார். பக்கத்து பெஞ்சில் தாடை கிழிந்த ஒரு காலேஜ் பெண். லோக்கல் குப்பி அநேகமாகக் காலி, ஒருவருக்குத்தான் காணும். ஸ்டோருக்கு ஆள் போயிருந்தது. பாஸ்கரண்ணன் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது ஆ குட்டிக்கு. பாண்டிக்கு எந்தினு லோக்கல்? தொலிக்கட்டியல்லே, அவர்க்கு ஒந்நும் அறியில்லா" என்றார். மருந்து அந்தப் பெண்ணுக்குத்தான், இவர்களுக்குத் தோல் தடிப்பு, வலியே தெரியாது என்று. தமாஷாகச் சொல்லவில்லை. ரத்த வகை சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. பிறகு அந்த அம்மாளிடமே குனிந்து, வேதனை உண்டா என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லய்யா" என்றார் அந்த அம்மாள்.

"கேட்டோ?" என்று எங்கள் பக்கம் திரும்பினார் பாஸ்கரண்ணன்.

சிஸ்டர் கால்துணியை எடுத்தார். வெடிப்பு விழுந்த பாதங்கள், பத்து விரலும் உள்ளங்காலைத் தொடுகிற அளவுக்கு மடங்கியிருந்தன. சிஸ்டர் தட்டின்மேல் கையை வைத்தார். "ஸ்டோர்லயிருந்து வரும் அண்ணா. கால் மணிக்கூர்."

"கையெடு."

"கால் உறங்கியில்லா அண்ணா."

அவர் தட்டை இழுத்தார். சிஸ்டர் விடவில்லை. தட்டு சாய்ந்து ஊசியும் இடுக்கிகளும் தரையில் சிதறின. எல்லாவற்றையும் மறுபடி கொதிக்க வைக்கவேண்டும், இருபது நிமிடம். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்கரண்ணனின் முகம் சிவந்துவிட்டது. "பாண்டிகளைக் கேற்றியா ஆசுபத்ரி சந்தையாகும்! நினக்கு மலையில கொளுந்து நுள்ளான் போய்க்கூடே?" என்று கத்தினார். பாண்டிகளை உள்ளே விட்டால் ஆஸ்பத்திரி சந்தையாகிவிடும், கொளுந்து கிள்ளப் போக வேண்டியதுதானே என்று. நான் மூன்றடி தூரத்தில், காலேஜ் பெண்ணின் தாடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. இருபது நிமிடத்துக்குள் ஸ்டோரிலிருந்து புதுக் குப்பி வந்துவிட்டது. அந்த அம்மாளுக்கும் ஊசி போட்டு, கால் உறங்கிய பிறகுதான் தையல் விழுந்தது.

மத்தியானம் மேட்ரன் எங்கள் மூவரையும் கூப்பிட்டனுப்பினார். மேட்ரன் அறைக்குச் சிவப்புத் தரை, முகம் தெரிகிற மாதிரி பாலிஷ். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே போவோம். சிஸ்டர் வேண்டுமென்றே தட்டைத் தட்டிவிட்டார் என்பது பாஸ்கரண்ணனின் புகார். சிஸ்டர் நடந்ததைச் சொன்னார்; அண்ணன் சொன்ன வார்த்தைகளையும், கூட்டாமல் குறைக்காமல், சொன்னார். சிஸ்டருக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. அந்த மாதம்தான் அதற்கான காகிதம் மேலே போக வேண்டும். மேட்ரன் நியாயமான மனுஷிதான். "லதா, நீ அங்கேதானே இருந்தாய்? இவர் அப்படிச் சொன்னாரா?" என்று என்னைக் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் பாஸ்கரண்ணனுக்கு ஒரு கண்டிப்பு, சிஸ்டருக்கு வேலை. ஆனால் அடுத்த கேள்வி எனக்கு முன்பே கேட்டுவிட்டது: நீ எதற்கு அவளுக்காகப் பேசுகிறாய், நீயும் பாண்டியா? தாய்மொழி மலையாளம் என்று எழுதிய காகிதம் அந்த அறையில்தான் ஏதோ அலமாரியில் இருந்தது.

"ஞான் கேட்டில்லா, மேடம்" என்றேன்.

சிஸ்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தார். நானும் பார்த்தேன். சிவப்புத் தரையில் என் பத்து விரல்களும் மடங்கிக் கிடந்தன. எவ்வளவு முயன்றும் நிமிர்த்த முடியவில்லை. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டின்மேல் கை வைத்து நிற்பாரே, அதே முகம்.

"லதா சிஸ்டர் அப்போ டிரம் எடுக்கான் போயிருந்நு, மேடம்" என்றார். "கேட்டுக் காணில்லா." எனக்குக் கேட்டிருக்காது என்று.

என் பொய்க்கு அவர் சாட்சி சொன்னார்.

அவரைத் துணி அறைக்கு மாற்றினார்கள். விரிப்புகளை எண்ணி மடித்து வைக்கிற வேலை. அங்கே பார்க்கக் கால்களே கிடையாது. இரண்டு மாதத்தில் தவணை முடிந்தது; நீட்டவில்லை.

கடைசி நாள் துணிகளை ஒப்படைக்க ஆட்டோகிளேவ் அறைக்கு வந்தார். அவர் வருவார் என்று தெரிந்து நான் காத்திருந்தேன். இரண்டு மாதமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். "சிஸ்டர், அன்னைக்கு மேட்ரன் ரூம்ல நான்..." என்று தொடங்கினேன். கதவு கிரீச்சிட்டது. அன்றைக்கும் அவர்தான் முந்திக்கொண்டார். "லதா சிஸ்டரே, ஷீட்டெல்லாம் செரியாணு. எண்ணி நோக்கிக்கோ" என்றார், மலையாளத்தில். வந்தவர் ஏதோ எடுத்துக்கொண்டிருக்கும்போதே என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போய்விட்டார். போகிறவரை அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

தட்டுப் பிடிக்கிற வேலை என்னிடம் வந்தது. அவர் போன மூன்றாவது வாரமோ என்னவோ, மலையிலிருந்து ஒரு கிழவர் முழங்காலைப் பிளந்துகொண்டு வந்தார். பாஸ்கரண்ணன் லோக்கல் போட்ட கையோடு ஊசிக்குக் கை நீட்டினார். என் கை தட்டின்மேல் இருந்தது. நான் வைத்ததாக நினைவில்லை. அவர் சிரித்தார். "எந்தா? நீயும் பாண்டியாணோ?"

"ஆமாண்ணா" என்றேன், தமிழில். "எங்க அப்பா கடை சாலையிலதான் இருக்கு. கால் இன்னும் உறங்கல."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கிழவரின் காலைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காத்திருந்தார். அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை. என் வேலை போகவில்லை. பாண்டிலாரி என்று என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். இத்தனை சுலபமாக இருந்த ஒன்றையா நான் மேட்ரன் அறையில் செய்யாமல் விட்டேன் என்று அழுதேன். நான் நிரந்தரம், ஊர்க்காரி, கடைக்காரர் மகள், அதனால்தான் சுலபமாக இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

தேடாமல் இல்லை. மலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் நம்ம சிஸ்டர் எங்கே என்று கேட்டேன். திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டார் என்றார்கள், கோயம்புத்தூரில் ஏதோ ஆஸ்பத்திரி என்றார்கள். இரண்டு கடிதம் எழுதினேன், ஒன்று திரும்பி வந்தது. இப்போதும் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் விதுரா பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்கினால் நான் முதலில் பார்ப்பது அவர்கள் காலைத்தான். அவர் காலை ஒருமுறைகூட நான் சரியாகப் பார்த்ததில்லை. எதிரே வந்தாலும் எதைக் கொண்டு அடையாளம் கண்டுகொள்வேன்?

போன மாதம் முழங்கால் வலி என்று ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். சின்னப் பையன், நல்ல மாதிரி. முட்டியை அழுத்திக்கொண்டே வேதனை உண்டா அம்மா என்று கேட்டார். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் என் வாய், "இல்ல, ஒண்ணுமில்ல" என்றது. அவர் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டி எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற நர்ஸும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

பத்து விரலும் மடங்கியிருந்தன, சிஸ்டர். யாரும் கீழே பார்க்கவில்லை.